அலமாரிக் குழுவும் பன்னிரண்டு பிரதிகளும்

குளோரியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அவளுடைய பொறுமையைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தப் பொறுமைமேலேயே எரிச்சல். அவளுக்கு வர வேண்டிய கோபமெல்லாம் எனக்கு வரும். பத்து வருஷம் அவள் பங்குக்கும் சேர்த்து நான் கோபப்பட்டிருக்கிறேன். அந்த வேலையையாவது ஒழுங்காகச் செய்தேனா என்றால், கடைசியில் அதுவும் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் சுயம்பு. கொட்டாரம் ஜங்ஷனில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. 2006-இல் அது பிரௌசிங் சென்டர். நான்கு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு. பரீட்சை ரிசல்ட் பார்க்க வருவார்கள், வளைகுடாவுக்குப் பயோடேட்டா அனுப்ப வருவார்கள், தடுப்பு எதற்கு இருக்கிறதோ அதற்கும் சிலர் வருவார்கள். இவர்களுக்கு நடுவே தினமும் ஐந்தேகாலுக்குத் தோளில் பையும் கையில் ஒரு புத்தகமுமாக வருபவள் குளோரி. ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். இரண்டாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தமிழில் தட்டத் தொடங்கினால் கீபோர்டு மழை பெய்வதுபோல் சத்தம் போடும்.

என்ன தட்டுகிறாள் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். தப்புதான், ஆனால் கடை என்னுடையது. படித்த புத்தகத்தைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டேன். "அலமாரிக்கு" என்றாள்.

அலமாரி என்பது அவள் தொடங்கிய மின்னஞ்சல் குழு. மாதம் ஒரு புத்தகம், எல்லாரும் அதைப் படித்து எழுத வேண்டும். வெளிநாட்டு நர்சுகள், சென்னையில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள், ரிட்டையர் ஆன இரண்டு வாத்தியார்கள் என்று முப்பது பேர்வரை சேர்ந்தார்கள். ஏழாம் வகுப்புக்குப் பிறகு பாடப்புத்தகத்தைத் தவிர வேறெதையும் தொடாத என்னையும் சேர்த்துவிட்டாள். "கடைக்காரரு படிக்காம இருந்தா எப்படி அண்ணாச்சி? மிஷினு மட்டும் படிச்சா போதுமா?" என்று கேட்டாள். அந்த வாரமே முதல் புத்தகத்தைப் படித்து முடித்தேன்.

அடுத்து எந்தப் புத்தகம் என்பதில்தான் மாதாமாதம் குடுமிப்பிடி. வாத்தியார்கள் இருவரும் ஒருவர் சொன்ன புத்தகத்தை இன்னொருவர் படிக்க மாட்டார்கள். ஒரு மாதம் சண்டையிலேயே இருபது நாள் போனது. அதற்குப் பிறகுதான் குளோரி ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தாள்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டாம். வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகளை அந்த மாதிரி டப்பாவில் கவிழ்த்துவைத்து நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் இருக்கும் பைபிள் வசனம்தான் அந்த வருஷத்துக்கு. பிடிக்கவில்லை என்று திருப்பி வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கக் கூடாது. குளோரி எங்களுக்கும் அதையே சட்டமாக்கினாள். ஆளுக்கொரு புத்தகத்தின் பெயரை எழுதி டப்பாவில் போட வேண்டும், ஒருவர் கண்ணை மூடி எடுக்க வேண்டும், எடுத்த சீட்டு எடுத்ததுதான். நான் சபைக்காரன் இல்லை, அய்யாவழிக்காரன், எனக்கு இந்த அட்டைச் சமாச்சாரம் புதிது. ஆனால் சண்டை நின்றது. வாத்தியார்களும் வாயை மூடிக்கொண்டு படித்தார்கள்.

அந்தக் குழுவில்தான் வயலெட் சேர்ந்தாள். அருமனைக்காரி. மஸ்கட்டில் நர்சு. கல்யாணமாகி வாழாமல் போய், பிள்ளையில்லாமல் தனியாக இருந்தவள். நன்றாக எழுதுவாள், அதை நான் மறைக்க மாட்டேன். குளோரிக்கும் அவளுக்கும் குழுவுக்கு வெளியிலும் கடிதம் ஓடியது. லீவில் வந்தால் நேரே கொட்டாரம் வந்துவிடுவாள். இரண்டு பேரும் என் கடை வாசலில் நின்றே ஒரு மணி நேரம் பேசுவார்கள். உட்காருங்கள் என்றால் "இல்ல அண்ணாச்சி, இதோ கிளம்பியாச்சு" என்பார்கள்.

இந்த இடத்தில் குளோரியின் வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சத்தியராஜ். டிரைவர் வேலைக்கு மஸ்கட் போனவன். விசாவில் ஏதோ சிக்கல், வர முடியவில்லை என்று குளோரி சொல்வாள். ஆனால் டிசம்பர் பிறந்தால் அவன் பெயரில் பெட்டி வந்துவிடும். நம் பக்கத்தில் டிசம்பரில் தெருவுக்குத் தெரு கார்கோ வண்டி நிற்பது எல்லாருக்கும் தெரியும். பால்பொடி, சோப்பு, தைலம், சென்ட் என்று அட்டைப்பெட்டி இறங்கும்போது எத்தனை பெட்டி இறங்குகிறது என்று பக்கத்து வீடுகள் ஜன்னலில் நின்று பார்க்கும். பெட்டி வராத வீட்டுக்கு இரக்கப்படுவார்கள். அந்த இரக்கம் வசவைவிட மோசம். குளோரி வீட்டுக்கு 2007 முதல் வருஷம் தவறாமல் ஒரு பெட்டி வந்தது. மஞ்சள் கயிறு போட்டு வரிந்து, அவள் மகள் பெயருக்கு "ரெனிஷா மோளுக்கு, அப்பா" என்று நீல மார்க்கரில் எழுதியிருக்கும். "ஆளு வரலன்னாலும் பெட்டி வருதுல்லா, யோகக்காரிதான்" என்று நானே அவளைக் கேலி பேசியிருக்கிறேன். அவள் சிரிப்பாள்.

அந்தப் பெட்டியை அனுப்பியது சத்தியராஜ் இல்லை.

அவன் 2003-லேயே அங்கே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டான். குளோரி என்ற ஒருத்தி இருப்பதையே மறந்துபோனான். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் வயலெட். பக்கத்து வீட்டுப் பெட்டியைப் பிரிக்கும்போது பத்து வயது ரெனிஷா கதவோரம் நின்று பார்த்ததை குளோரி அவளுக்கு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறாள். அந்த டிசம்பரில் முதல் பெட்டி வந்தது. வயலெட் தன் கைக்காசைப் போட்டு, சத்தியராஜின் பெயரை எழுதி அனுப்பினாள். பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவுக்குக் கடிதம் எழுதினாள். அதைத் தானே பசை போட்டு ஒட்டி அம்மாவிடம் கொடுத்தாள். குளோரி அதைப் பிரிக்காமல் இன்னொரு கவருக்குள் போட்டு வயலெட்டுக்கு அனுப்பினாள். பதில் வந்தது. அப்பாவாக இருந்து எழுதியவளும் வயலெட்தான். ஆறு வருஷம் இப்படி நடந்தது. பதினாறு வயதில், வராத அப்பா மேல் கோபம் வந்து ரெனிஷா எழுதுவதை நிறுத்தினாள். பெட்டியும் மெல்ல நின்றது. வந்த கடிதங்களை மட்டும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. குளோரிக்கும் வயலெட்டுக்கும் மட்டும்தான் தெரியும்.

அலமாரி 2011-இல் படுத்துவிட்டது. ஃபேஸ்புக் வந்தது, ஆட்கள் அங்கே போனார்கள். வாத்தியார்களில் ஒருவர் காலமானார், சண்டை போட ஆளில்லாமல் இன்னொருவர் எழுதுவதை விட்டார். குளோரி மட்டும் இரண்டு மாதம் தனியாகக் கடிதம் எழுதிப்பார்த்தாள், யாரும் பதில் போடவில்லை. என் கடையிலும் கம்ப்யூட்டர்கள் போய் ஜெராக்ஸ் மிஷின் வந்தது. குளோரி வழியில் பார்த்தால் "என்ன படிக்கிய அண்ணாச்சி?" என்று கேட்பாள். நான் பேச்சை மாற்றுவேன்.

2016 தொடக்கத்தில் வயலெட் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தாள். வந்த இரண்டாவது வாரமே குளோரியுடன் என் கடைக்கு வந்தாள்.

"அலமாரிய மறுபடி தொறக்கணும் அண்ணாச்சி. வாட்ஸப்பில போட்டா எல்லாவனும் வருவான். நம்ம அக்கா இல்லாம அது நடக்குமா?"

குளோரியின் முகத்தை அன்றைக்குப் பார்க்க வேண்டுமே. நாற்பத்தாறு வயதில் ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்ததுபோல் இருந்தாள். பழைய நோட்டைத் தேடி எடுத்து முப்பது பேருக்கும் போன் போட்டாள். பாதி நம்பர் செத்துப்போயிருந்தது. மீதியில் சிலர் "இப்ப கண்ணு தெரியல" என்றார்கள், சிலர் சேர்ந்துவிட்டு மறுநாளே காலை வணக்கப் படம் போடத் தொடங்கினார்கள். பூப்படம் போடுகிறவர்களை நான் திட்டினேன், குளோரி அவர்களுக்குத் தனியாகப் போன் செய்து சமாதானம் சொன்னாள். வடிகட்டியதில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். பன்னிரண்டாவது ஆள் ரெனிஷா. நாகர்கோவிலில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். "எனக்க மோளும் அலமாரியில இருக்கா, பாத்தியளா?" என்று குளோரி என்னிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பாள்.

முதல் சீட்டை அருமனையில் தன் வீட்டில் எடுக்கலாம் என்றாள் வயலெட். எல்லாரும் புத்தகப் பெயரைக் குழுவில் போட வேண்டாம், தனக்கு அனுப்பினால் தானே எழுதி மடித்து வைப்பதாகவும் சொன்னாள். குளோரிக்கு அன்றைக்குப் பள்ளியில் ஏதோ இன்ஸ்பெக்ஷன். டப்பாவை என்னிடம் கொடுத்து, "நீங்களே எடுங்க அண்ணாச்சி, ஒங்க கை நல்ல கை" என்றாள். ஆகவே வேலை நாள் என்றுகூடப் பார்க்காமல் கடையை அடைத்து, பஸ் மாறிப் போனேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே நல்ல வீடு கட்டியிருந்தாள். செல்போனில் வீடியோ ஓட, நான் கண்ணை இறுக மூடி ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தேன். "பெட்டி வரும் மாதம்" என்று இருந்தது. எழுதியவர் ஆழிமலர். நான் கேள்விப்படாத பெயர். "புதுசு, போன மாசம்தான் வந்திருக்கு. பதிப்பகம் எனக்குத் தெரிஞ்ச எடம், பன்னெண்டு காப்பியும் நானே தபாலில அனுப்பிருதேன்" என்றாள் வயலெட்.

கிளம்பும்போது டப்பாவை எடுத்தேன். "அது இங்க இருக்கட்டும் அண்ணாச்சி, அடுத்த மாசம் நான் கொண்டுவாறேன்" என்றாள். நான் கேட்கவில்லை. டப்பா குளோரியுடையது, அவள் சபையிலிருந்து கேட்டு வாங்கியது. கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். பையில் போட்டு எடுத்துவந்து கடை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன், பிறகு அதை மறந்தேன்.

புத்தகம் வந்தது. இரண்டே நாளில் படித்துவிட்டேன். கணவன் கைவிட்ட ஒருத்தி, வளைகுடாவில் ஒரு நர்சு, ஒரு சின்னப் பெண். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தொடங்கி இருபது பக்கம் அந்தப் பெண் அப்பாவுக்கு எழுதும் கடிதங்கள் மட்டும் வரும். படித்துக் கடையிலேயே கண்ணைத் துடைத்தேன். "அந்தக் கடிதங்களைக் கற்பனையில் எழுத முடியுமா? ஆசிரியர் கையைப் பிடித்துக் கும்பிடலாம்" என்று குழுவில் எழுதினேன். கைதட்டும் படங்களாக வந்து குவிந்தன. முதலில் தட்டியவள் வயலெட். இதை நினைத்தால் இன்றும் என் கையை நானே கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மத்தியானம் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு குளோரி வந்தாள். புத்தகத்தை என் மேஜைமேல் வைத்தாள். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இது நானாக்கும் அண்ணாச்சி" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. மேலே நான் எழுதியிருக்கும் எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னாள். சத்தியராஜ், மஞ்சள் கயிறு, நீல மார்க்கர், ஒட்டிய கவர். ஒன்றுக்கும் அழவில்லை. பிறகு நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். நான் கண் துடைத்த அதே பக்கம்.

"அப்பா, நீங்க அனுப்பின பேனா நல்லா எழுதுது. அடுத்த வருஷம் எனக்குப் பேனா வேண்டாம். அம்மாவுக்குச் செருப்பு அனுப்புங்க. அம்மா செருப்பு வாரில ஊக்கு குத்தி வச்சிருக்காங்க. ஏழாம் நம்பர். நான் கேட்டேன்னு அம்மாட்ட சொல்லாதீங்க."

"அந்த வருஷம் பெட்டியில செருப்பு இருந்துது" என்றாள் குளோரி. "வயலெட்டே மனசறிஞ்சு எனக்காட்டு வாங்கினதுன்னு நெனச்சேன். அதப் போட்டுட்டு இந்தக் கடைக்குத்தான் வந்தேன். ஒரு கடுதாசிகூட நான் பிரிச்சுப் பாத்ததில்ல அண்ணாச்சி. எனக்க பிள்ள ஒட்டித் தந்தத நான் எப்படிப் பிரிக்க? எனக்க மோளு எழுதினத இந்தப் புஸ்தகத்திலயாக்கும் நான் மொதல்ல வாசிக்கேன்."

"ரெனிஷா வாசிச்சாச்சா?"

"காலேஜில பரீட்சை. இன்னைக்கு சாயங்காலம் வாறா. நாளைக்குக் குழுவில பேச்சு இருக்கே, வீட்டுக்கு வந்து ஒரே மூச்சா வாசிக்கேன்னு சொன்னா."

நான் போனைக் கையில் எடுத்தேன். "குழுவில இப்பவே போடுகேன், இந்தப் புஸ்தகம் வேண்டாம், வேற சீட்டு எடுக்கலாம்னு. யாரு கேக்கப் போறா?"

"எடுத்த சீட்டு எடுத்ததுதான்னு சொன்னது நானில்லியா? இப்ப மாத்தினா ஏன்னு கேப்பாவ. எனக்க மோளுதான் மொதல்ல கேப்பா." பிறகு, "ஆண்டவர் கையில விட்ட சீட்டுல இது வந்துட்டுதே, அதாக்கும் எனக்குத் தாங்கல" என்றாள்.

அந்தப் பேச்சில்தான் டப்பா ஞாபகம் வந்தது. வேறு சீட்டு எடுத்தே தீருவது என்ற ஆத்திரத்தில் மேல்தட்டிலிருந்து இறக்கி மூடியைத் திறந்தேன். ஒரு சீட்டைப் பிரித்தேன். "பெட்டி வரும் மாதம்." இன்னொன்று. "பெட்டி வரும் மாதம்." பதினொரு சீட்டையும் மேஜைமேல் பிரித்துப் பரப்பினேன். எல்லாம் ஒரே பெயர், ஒரே கையெழுத்து.

குளோரி அந்தச் சீட்டுகளை ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்ப ஆண்டவர் இல்ல" என்றாள். "வயலெட்டு இதுக்காட்டுத்தான் அலமாரிய தொறக்கச் சொல்லியிருக்கா."

நான் வயலெட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நான்தான் பேசினேன், குளோரிக்குப் பேச வராது. ஆழிமலர் யாரு என்றேன். சீட்டு பதினொண்ணும் எனக்க மேசையில கிடக்கு என்றேன்.

"அக்கா பக்கத்தில இருக்காவளா?" என்றாள். "அக்கா, நாளைக்கு எல்லாரும் பேசி முடிச்ச பொறவு நான்தான்னு சொல்லி ஒங்கள சந்தோஷப்படுத்தலாம்னு இருந்தேன். பேரெல்லாம் மாத்தித்தானே எழுதியிருக்கேன்?"

"எனக்க பிள்ளைக்க கடுதாசிய மாத்தலியே" என்றாள் குளோரி.

"அது எப்படி மாத்துவேன்? ஆறு வருஷம் அந்த மஸ்கட் ரூமில எனக்குன்னு வந்தது அந்தக் கடுதாசி மட்டும்தான். பதில் எழுதினது நான். காய்ச்சல்ல கெடந்தும் எழுதியிருக்கேன். அது எனக்கு வந்த கடுதாசி அக்கா. அந்தப் பிள்ள எனக்கில்லியா எழுதிச்சு?"

சவத்தெளவே என்று கத்திவிட்டு நான் போனை வைத்தேன். அவள் தனியாக இருந்தாள், சரி. ஆறு வருஷம் பெட்டி அனுப்பினாள், சரி. அதற்காக ஒரு குழந்தையின் கடிதத்தை அச்சடிக்கலாமா? அந்தக் குழந்தையின் தாயைத் தலைவியாக்கி ஒரு குழுவைத் திறந்து, பன்னிரண்டு பேரைக் கைதட்ட வைத்து, தாயையும் அதில் ஒருத்தியாக உட்கார வைக்கலாமா? நம்பினவளை இப்படியா கழுத்தறுப்பது? நான் மேஜையைத் தட்டிக் கத்தினேன். குளோரி சீட்டுகளை ஒவ்வொன்றாக மடித்து டப்பாவுக்குள் போட்டாள்.

"பிள்ளைட்ட நானே சொல்லணும் அண்ணாச்சி. அவ வாசிக்குமுன்ன சொல்லணும். என்ன ஒண்ணு வீட்டில விடுதியளா?"

ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஏழு நிமிஷப் பாதை.

ரெனிஷா பரீட்சையை முடித்துவிட்டு மத்தியானமே வந்திருந்தாள். முன்னறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். புத்தகம் மடியில் விரித்திருந்தது. பக்கத்தில் பிஸ்கட் டின் திறந்து கிடந்தது. அப்பாவின் கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, புத்தகத்தில் இருந்த தன் கடிதங்களோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"இத எழுதினது வயலெட் ஆன்டியாம்மா?"

குளோரி தலையாட்டினாள்.

"அப்ப எனக்கு அப்பான்னு எழுதினதும் அவியதானா?"

மறுபடி தலையாட்டினாள். பிறகு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரப் போனாள். ரெனிஷா நகர்ந்துகொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மக்ளே, ஒங்கம்ம மேல ஒரு தப்பும் இல்ல. அந்த வயலெட்டுதான் துரோகி. சீட்டுலகூட கள்ளத்தனம் பண்ணியிருக்கா" என்றேன்.

ரெனிஷா என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்தாள்.

"ஆன்டி அச்சடிச்சது தப்பு, சரி. இல்லாத அப்பாவுக்கு ஆறு வருஷம் என்னை எழுத வச்சது ஆரும்மா? ஒவ்வொரு தடவையும் கவர ஒட்டி ஒன் கையிலதானே தந்தேன்? நீ வாங்கிட்டு, 'போட்டுட்டேன் மக்ளே'ன்னு சொல்லுவியே. எனக்கு என்ன நடந்தாலும் நான் ஒன்கிட்ட சொல்லாம அவருக்கு எழுதினேன். ஒன்கிட்ட சொல்ல வேண்டியதயெல்லாம்."

"நீ கதவோரத்தில நின்னத என்னால பாக்க முடியல மக்ளே" என்று மட்டும் சொன்னாள் குளோரி. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பேச்சு தொடங்க வேண்டும். எல்லாரும் காத்திருந்தோம். நாலு மணிக்கு ரெனிஷாவின் செய்தி வந்தது. நான் அதை இன்னும் அழிக்கவில்லை.

"இந்த நாவலில் மகளின் கடிதங்களை எழுதியது நான். அப்பாவின் பதில்களை எழுதியவர் நம் குழுவில் இருக்கிறார், புத்தகத்தை எழுதியவரும் அவரே. கடையில் விற்பதை என்னால் தடுக்க முடியாது. ஆனால் என்னைத் தெரிந்தவர்கள் கையில் அவை இருக்க வேண்டாம். உங்கள் பிரதியில் 112 முதல் 131 வரை உள்ள பக்கங்களைக் கிழித்து, கொட்டாரம் சுயம்பு மாமா கடை முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். நகல் எடுக்காதீர்கள். அடுத்த மாதம் வேறு நல்ல புத்தகம் படியுங்கள்."

அடுத்த வரியில் அவள் குழுவை விட்டு வெளியேறியதாகக் காட்டியது. ஒரு நிமிஷம் கழித்து வயலெட்டும் வெளியேறினாள். யாரும் எதுவும் எழுதவில்லை. ஒரு பூப்படம்கூட வரவில்லை.

ஆனால் கவர்கள் வந்தன. என் பக்கங்களை நான் அன்றைக்கே ஸ்கேலை வைத்துக் கிழித்தேன். சென்னையிலிருந்து, துபாயிலிருந்து, ஆரல்வாய்மொழியிலிருந்து, ஒவ்வொன்றாக வந்தது. உயிரோடிருந்த வாத்தியார் பஸ் ஏறி நேரில் கொண்டுவந்து கொடுத்தார். வயலெட்டினதுகூடப் பதிவுத் தபாலில் வந்தது, உள்ளே ஒரு வரி இல்லை. பிள்ளையின் அசல் கடிதங்களை அவள் அனுப்பவில்லை. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினேன். ரெனிஷாவினதையும் சேர்த்துப் பதினொன்று. குளோரியின் பிரதிதான் வரவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கொண்டுவந்தாள். இளைத்திருந்தாள். ரெனிஷா வாரக்கடைசியில் வீட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். போன் எடுப்பாள், "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "ம்" என்பாள், அவ்வளவுதான். குளோரி பையிலிருந்து பக்கங்களை எடுத்தாள். மெல்ல, ஓரம் கிழியாமல் பிரித்தெடுத்திருந்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அண்ணாச்சி, எனக்கு இதில ஒரு காப்பி எடுத்துத் தாங்க."

"எடுக்கப்பிடாதுன்னு அந்தப் பிள்ள சொல்லியிருக்குல்லா?"

"தெரியும். இதில என்னப் பத்தி எழுதியிருக்கா. நான் சிரிக்கது, செருப்பு, நான் அவ மொகத்தப் பாக்காம பேசுகது, எல்லாம். இனி என்கிட்ட அவ இப்படிப் பேச மாட்டா. நான் ஆருக்கும் காட்ட மாட்டேன். அவளுக்குத் தெரியவும் தெரியாது."

வயலெட்டை நான் என்ன சொல்லித் திட்டினேனோ அத்தனையும் என் வாய்வரை வந்தது. அது அந்தப் பிள்ளைக்குச் சொந்தமானது என்று சொல்ல நினைத்தேன். குளோரி கெஞ்சவில்லை, அழவில்லை. எப்போதும்போலப் பொறுமையாக, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றாள். முதல்முறையாக அந்தப் பொறுமைமேல் எனக்கு எரிச்சல் வரவில்லை.

இருபது பக்கத்தையும் எடுத்துக் கொடுத்தேன். பையின் அடியில், புடவைக்கடைக் கவருக்குள் வைத்து எடுத்துப்போனாள். அசலைப் பன்னிரண்டாவதாக அடுக்கினேன்.

ரெனிஷா அடுத்த சனிக்கிழமை வந்தாள். பக்கங்களின் கட்டை வாங்கினாள், எண்ணிப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"பன்னெண்டும் இருக்கா மாமா? காப்பி ஒண்ணும் இல்லியே? ஒங்க ஒரு ஆளத்தான் நம்பி இந்த அட்ரஸ் கொடுத்தேன்."

"பன்னெண்டும் இருக்கு மக்ளே. காப்பி ஒண்ணும் இல்ல" என்றேன்.